சத்தமில்லாமல் எடுத்த அளவு

குவீன் ஸ்திரீட் கடை, பினாங்கு

அன்புள்ள சுபாஷினி அக்காவுக்கு,

அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் முட்டிவலிகூட இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அங்கே டப்ளின் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இது அம்மாவின் கடிதம்தான். சொல்லச் சொல்ல எழுது என்று என்னை உட்கார வைத்தார், நாலு வரி சொல்வதற்குள் துணி வெட்டப் போய்விட்டார், மிச்சத்த நீயே போட்டுக்கோ, எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே என்றார். அதனால் நான் பார்த்ததையே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஒருவர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார், நான் வழக்கம்போல் அளவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு நின்றேன், அம்மா டேப்பைப் பிடித்தார், சத்தமே வரவில்லை. எதிர்க் கடைப் பாட்டையும் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒவ்வோர் அளவாகக் கத்துவாரே, அந்தக் குரல் இல்லை. கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதிக்கொண்டார்.

பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி எழுதிய, உன் கட்டுரையும் வந்த புத்தகம் கிடைத்து மூன்று வாரமாகிறது. முதலில் நீ படி, அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே பார் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு போன் செய்தால் மழையைப் பற்றி மட்டும் கேட்கிறாய். அம்மா என்ன சொன்னார் என்றுதான் நீ காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிறு மத்தியானம் வீட்டில் வைத்துப் படித்துக் காட்டினேன், எழுத்து பொடியாக இருந்ததால் அம்மாவின் கண்ணாடிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன் அக்கா. அம்மா மனசு நோகும் என்று பயம். கடைசிவரை கேட்டுவிட்டு அம்மா கேட்டார், தலைப்புல முப்பத்தாறுன்னு போட்டிருக்கா, உள்ள ஒரு இடத்துலயும் வரலியே, எங்கடி அந்த முப்பத்தாறு என்று. டேப் பிடிக்கிறவரிடம் ஓர் எண்ணை மறைக்க முடியுமா? திரும்பவும் எடுத்துப் படித்தேன். உனக்குப் பதின்மூன்று வயதில் பாவாடைக்கு அளவெடுத்தபோது அம்மா இடுப்பு முப்பத்தாறு என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தியதும், அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அம்மாவயே மிஞ்சிட்டா லா என்று சிரித்ததும், அம்மாவும் கூடச் சிரித்ததும், அன்றிலிருந்து நீ கண்ணாடி முன்னால் நிற்காமலே தலைசீவியதும். படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மாவுக்கு முதலில் கோபம்தான். இருபத்தஞ்சு வருசமா எல்லாருக்கும் இப்படித்தான் கத்துறேன், ஒருத்தியாச்சும் வாயத் தொறந்தாளா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நானும் சிரிச்சேனா, நல்லா ஞாபகம் இருக்காமா அவளுக்கு என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு மற்றவர்கள் எழுதியதையும் படிக்கச் சொன்னார். புருஷனிடம் அடி வாங்கியதை எழுதியவர், புற்றுநோயில் மார்பை எடுத்த பிறகு குளிக்கவே பயந்ததை எழுதியவர், எல்லாவற்றையும் நாலு நாளில் கேட்டு முடித்தார். இப்போது புத்தகம் கடைக் கண்ணாடிப் பெட்டியில் சரிகை லேஸுக்குப் பக்கத்தில் அட்டை தெரிய நிற்கிறது. பக்கத்துக் கடை நூர்ஜான் அக்கா இரண்டு நாள் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது, உங்க மக தைரியக்காரி என்றார். அம்மா அன்று டீக்கு அவரைக் காசு கொடுக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெயலெட்சுமி ஆன்ட்டி வந்தார், நீ எழுதியிருந்தாயே அன்று சிரித்தவர், அவரேதான். பேரைப் போடாவிட்டாலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டு விசயத்த ஊரெல்லாம் எழுதலாமா, நீயாச்சும் கண்டிக்க வேணாமா வள்ளி என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, அவ உடம்பு, அவ எழுதுறா, சிரிச்சது நாம ரெண்டு பேரும்தானே, ஒனக்கு ரவிக்க வேணுமா வேணாமா லா என்றார். ஆன்ட்டி ரவிக்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவருக்கும் சத்தமில்லாமல்தான் அளவெடுத்தார். மறுநாள் மிச்சமிருந்த லைனிங் துணிகளை ஒட்டுப்போட்டு மூலையில் ஒரு திரை தைத்துக் கட்டிவிட்டார்.

அம்மா சொன்ன நாலு வரியை அப்படியே போடுகிறேன். சாப்பாட்ட விடாத. எழுதுறத நிறுத்தாத, என்னப் பத்தி இருந்தாலும் எழுது. தீபாவளிக்கு லீவு சொல்லிட்டு வா, பழைய அளவுல தைக்க மாட்டேன், வந்ததும் திரைக்குள்ள நானே எடுக்குறேன். எஞ்சாமி, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும். பார்சலில் முறுக்கு இருக்கிறது, டப்பாவை உடனே இறுக்கி மூடிவிடு.

உன்னிடம் மட்டும் ஒன்று. நான் பள்ளிப் படிப்பைப் படிவம் மூன்றோடு நிறுத்தியதற்கு, எல்லோரிடமும் சொன்ன தலைவலி காரணமில்லை. பள்ளியில் என் பருமனைப் பார்த்து என்னை லோரி, சரக்கு ஏற்றுகிற லோரி என்று கூப்பிட்டார்கள், அதனால்தான் இன்றுவரை அப்பாவின் பழைய சட்டைகளையே போட்டுக்கொண்டு திரிகிறேன், அம்மா எத்தனை தடவை கேட்டும் ஓர் அளவுகூட எடுக்க விட்டதில்லை. இதுவரை எழுதிப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனேன், மிச்சத்தை வந்துதான் எழுதுகிறேன். திரைக்குள் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா வள்ளிநாயகிக்காக எழுதிய உன் தங்கை,
லோஷினி