சாம்பலுக்குள் ஆறவேண்டிய குழாய்

என்ரை தம்பி குஞ்சா,

நீ போய் இன்றோடு ஒரு வருசம். மாதா கோயிலில் உனக்குப் பூசை வைத்திருக்கிறேன். பூசை முடிய எல்லோர் கையிலும் கொடுக்கிற தாளில் உன் படத்தையும் நாலு வரிச் செபத்தையும் அச்சடிப்பதுதான் வழக்கம். நான் செபம் வேண்டாம், இந்தக் கடிதத்தைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன கடிதம் என்று அச்சகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பருத்தித்துறையில் இப்போது எந்த வேலை பிழைத்தாலும் உன் பேர்தான். வாளியின் கைப்பிடி கழன்றாலும், "உது குஞ்சன் ஒட்டினதோ?" என்று கேட்கிறார்கள். வள்ளத்துச் சொந்தக்காரச் சம்மாட்டியார் புது வள்ளம் இறக்கிவிட்டார். உன் ஒட்டு வெடித்துத்தான் பழைய வள்ளம் எரிந்தது, உன்னுடைய வினைக்கு நீயும் போனாய் என்று மீன் சந்தையில் நின்று சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டு மீன் வாங்கி வருகிறேன்.

ஒட்டு வெடித்தது உண்மை. ஏன் வெடித்தது என்று இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். மற்றது நான்.

சண்டைத் தடையால் காஸ் சிலிண்டரோ றப்பர் குழாயோ இந்தப் பக்கம் வராத காலம். வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் போவதற்கு நீ செப்புக் குழாயை இரும்பு நட்டோடு கரி உலையில் வைத்து ஒட்டிக் கொடுத்தாய். நெருப்புக்குக் காற்றடிக்க நான் ஊதுலைச் சில்லைச் சுற்றுவேன். செம்பு வாங்கின சூட்டை உடனே குழாய் வழியே கடத்திவிடும், இரும்பு வாங்கினதை விடாமல் வைத்திருக்கும் என்பாய். அதனால் செம்பைத்தான் நெருப்பின் நடுவில் பிடிப்பாய். இரண்டும் ஒரே நிறமாகச் சிவந்த பிறகுதான் பித்தளைக் கம்பியைத் தொடுவாய். ஒரு பக்கம் சூடு கூடினால் உருகின பித்தளை அந்தப் பக்கமே ஓடிவிடும், மற்றப் பக்கம் பிடிக்காது. சூடு சரியாக இருந்தால் இடுக்குக்குள் தானாகவே வளையமாக ஓடி நிற்கும். அது ஓடி முடியும்வரை நீ மூச்சு விடமாட்டாய்.

சம்மாட்டியாரின் குழாயை ஒட்டின அன்றைக்கும் அப்படித்தான் ஓடியது. கண்ணால் கண்டேன். பிறகு அதைச் சுடுசாம்பலுக்குள் புதைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாய்.

சம்மாட்டியார் முற்றத்தில் நின்று வாய் மூடவில்லை. "என்ன பிள்ளை, சாம்பலுக்குள்ளை மரவள்ளிக் கிழங்கே சுடுறியள்? அக்கா ஊதித் தம்பி அவிக்கிற தொழிலோ உது?" என்றார். எத்தனை நாள் கேட்பது? இந்த மனிசன் போய்த் தொலைந்தால் காணும் என்று குழாயைக் குறட்டால் இழுத்தெடுத்து ஈரச் சாக்கில் சுற்றினேன். உஸ் என்றது.

செம்பு ஒரு மாதிரிச் சுருங்கும், இரும்பு இன்னொரு மாதிரிச் சுருங்கும், அவசரப்படுத்தினால் இரண்டும் இழுபட்டு நடுவிலே மயிர்போலக் கீறல் விழும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? ஒரு குழாய்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். சம்மாட்டியார் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்தான் இன்று அப்படிக் கதைக்கிறார். நானும் ஒரு வருசமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவரை விட நான் என்ன திறம்?

நீ வந்து குழாயைத் தொட்டாய்.

"அக்கா, இது தன்ரை பாட்டிலை ஆறினதே?"

"ஓம்."

என்னைப் பார்த்தாய். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நம்பிக்கை இல்லையெண்டால் நீயும் வள்ளத்திலை ஏறிப் பாரன்," என்றார் அவர்.

நீந்தத் தெரியாத நீ, கடலுக்கே போகாத நீ, "வாறன்," என்று சேட்டைத் தோளில் கொழுவிக்கொண்டு போனாய். கரை தெரிகிற தூரத்தில்தான் எண்ணெய் கசிந்து எஞ்சினில் பற்றியது. வள்ளத்தில் தொழிலுக்கு வந்த மற்ற இரண்டு பேரும் நீந்தி வந்தார்கள். பங்குச் சுவாமி வந்து, எல்லாம் ஆண்டவரின் சித்தம் என்றார். ஈரச் சாக்கைச் சுற்றியது ஆண்டவரில்லை, நான்.

இன்று இந்தத் தாளைச் சம்மாட்டியார் கையிலும் வைப்பேன். வாங்காவிட்டால் சந்தைக்குப் போய் அவர் முன்னால் நின்று வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனாலும் முடிக்காமல் வரமாட்டேன். இனி அந்த ஒட்டு உன் பேரில் இருக்காது. என் பேரில் இருக்கும்.

ஆனால் குஞ்சா, கை வைத்த உடனேயே உனக்குத் தெரிந்துவிட்டதோ? அந்த மனிசனுக்கு முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்றுதானோ நீ வள்ளத்தில் ஏறினாய்?

உன்ரை கூடப்பிறந்த அக்கா,
ஞானம்மா