உட்கார்ந்து பேச ஒத்திகை

புதன்கிழமை, இரவு

நாளைக்கு அம்மா மில் மேனேஜரிடம் பேசப் போகிறாள். ராத்திரி இரண்டாவது ஷிப்ட் விட்டதும் மில் வேன் பெண்களைச் சூலூர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஊருக்குள் வந்து இறக்கிவிட வேண்டும் என்று எல்லோருக்குமாக அம்மாதான் கேட்கப் போகிறாள்.

நிர்வாகத்தோடு பேசுவது எப்படி என்று ஆபீஸில் நான் செய்துகொண்டிருக்கும் அனிமேஷன் வீடியோவைச் சாயங்காலம் காட்டினேன். அதில் ஒரு பெண் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "ஏங்கண்ணு, எங்களை எப்ப உக்கார வெச்சுப் பேசுனாங்க?"

"உக்காந்து பேசலாமுங்களான்னு நீயே கேளும்மா."

"கேட்டுப்போடலாம். உக்காந்தா பேச்சு வரோணுமே!"

பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டேன். நான்தான் மேனேஜர். அம்மா நுனியில் உட்கார்ந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சார்" என்றதும் எழுந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே. முதலில் சிரித்தேன். ஆபீஸில் சார் கூப்பிட்டால் நானும் அப்படித்தான் எழுகிறேன்.

கடைசியில் ஒருவழியாக உட்கார்ந்தபடியே சொல்லி முடித்தாள். "வேன் ஊருக்குள்ள வரோணுமுங்க."

"சரிங்க, வரச் சொல்றேன்" என்றேன்.

"அத்தன சுளுவா ஒத்துக்குவாரா அந்த மனுசன்? நீ நல்ல மேனேஜரு போ!"

இப்போது தூங்குகிறாள். வீடியோவில் அந்தப் பெண்ணை நன்றாகச் சாய்ந்து உட்கார வைத்திருந்தேன். சற்று முன் அவளை நாற்காலி நுனிக்கு நகர்த்தி, முந்தானையைக் கையில் கொடுத்தேன். எழாமல் இருந்தால் போதும்.