பால்மாவு டப்பாவில் இருந்த படக்காசுகள்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உனக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நமக்குள் கடுதாசி என்று ஒன்று இதுவரை போனதில்லை. இப்போது நான் சொல்லச் சொல்ல உன் மகன் பெண்டாட்டி செல்வி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறாள். "அத்தைக்கு யாரு படிச்சுக் காட்டுவாங்க சித்தப்பா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நாலு பேர் படித்தால் உன் காதில் விழாமலா போகும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பால்மாவு டப்பா காலியாகிவிட்டது அக்கா. இரு, கோபப்படாதே. முழுக்கக் கேள்.

நீ போன அன்றைக்கு வீடு நிறைய சனம். கிளம்புகிற நேரத்தில், "வாய்க்கரிசிக்குச் சில்லறை வேணும்பா, இப்பவே எடுத்துக்கோங்க" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். எல்லோரும் பையைத் தடவினார்கள். ஒருத்தனிடமும் காசு இல்லை. இப்போதெல்லாம் டீக்குக்கூட போனைத்தான் நீட்டுகிறார்கள், காசை யார் சுமக்கிறார்கள்? "ஆளுக்கு ஒரு காசு போட்டாத்தானே ஆச்சு, கடையில போய் மாத்திக்கினு வாங்கப்பா" என்று அவர் மறுபடி சத்தம் போட்டார். ஈர வேட்டியோடு நின்றிருந்த உன் மகன் அருணாசலம் என்ன நினைத்தானோ, உள்ளே போனான், மாடத்திலிருந்த டப்பாவை எடுத்துத் துண்டில் கவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான்.

மலை சுற்றுகிற பாதையில், எமலிங்கம் கோயில் பக்கத்துச் சுடுகாட்டில் அந்த முடிச்சை அவிழ்த்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். என் கையிலும் ஒன்று வந்தது. கனமாக இருந்தது. எனக்குக் கண் மறைத்துக்கொண்டிருந்தது, என்ன காசு என்று பார்க்கவில்லை. அரிசியோடு சேர்த்து உன் வாயருகே போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். மிச்சம் இருந்ததையும் அங்கே வேலை பார்க்கிற ஏழுமலையின் துணியில் கொட்டிவிட்டான் உன் மகன். அங்கே விழுகிற காசு அவருக்குத்தானே.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு செல்விதான் பார்த்தாள். "அத்தை டப்பா ஏங்க காலியா கெடக்குது?" என்றாள். அருணா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று உனக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். இப்போது கேட்டாலும் சொல்வேன். குழந்தை அருணாவுக்குப் பால்மாவு வாங்கிய டப்பா அது. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் நிற்கிற ஒரு ரூபாயைத்தான் முதலில் போட்டாய். அப்புறம் கோபுரம் போட்ட அஞ்சு ரூபாய். கண்ணாடிக்காரர், தாடிக்காரர், தலைப்பாகைக்காரர். யார் எவர் என்று நமக்குத் தெரியாது, நாமே பேர் வைத்துக்கொண்டோம். முக்காடு போட்ட அம்மா ஒருத்தி வருவாளே, அவள் நம் அம்மாவின் சாடை என்று சொல்லி எத்தனை வந்தாலும் செலவழிக்க மாட்டாய். அப்புறம் அம்மன் உட்கார்ந்த காசு. கடைசிக் காலத்தில் வந்ததெல்லாம் பத்து ரூபாய்கள்.

பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டானே, அதிலிருந்து உனக்கு நல்ல வரும்படி. பெரிய கோயில் வாசலில் பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் கடை போட்டவர்கள் ஒருத்தரும் அதை வாங்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். "அதோ கற்பூரம் விக்கிற அம்மாகிட்ட போங்க" என்று உன்னிடம் தள்ளிவிடுவார்கள். நீ தலையைக்கூட நிமிர்த்த மாட்டாய். "எங்கிட்ட போகும், குடுங்க" என்பாய். அதில் படம் வேறு மாதிரி இருந்தால் சுருக்குப் பைக்குள் தனியாகப் போகும். வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் கொட்டி, விபூதி போட்டுத் தேய்ப்பாய்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்று ஒரு முறை கேட்டேன். "இருக்கட்டும்டா. செலவு பண்ணா ஒரு மூஞ்சி வீட்ட வுட்டுப் போவுது" என்றாய். அவ்வளவுதான். வேறு காரணம் ஏதாவது இருந்ததா அக்கா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சொந்தக்காரன் ஒருத்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அம்மன் காசு ஒண்ணு லட்சத்துக்குப் போவுதாம், போன்ல வீடியோ காட்றான். நம்ம அருணா லட்ச ரூபாய அள்ளிச் சுடுகாட்டுல எறிஞ்சிட்டு வந்திருக்கான்" என்றான். இலை போட்டிருந்தது. உன் மகன் அப்படியே எழுந்து போய்விட்டான்.

நான் மறுநாளே தேரடித் தெருவில் பழைய காசு வாங்குகிறவரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் புழக்கத்துல இருக்கற காசு பெரியவரே. பத்து ரூபா காசுக்குப் பத்து ரூபாதான். லட்சம்னு எவன் சொன்னானோ அவனையே வாங்கிக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார். ஓட்டமாக வந்து அருணாவிடம் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

"காசுக்கு யாரு மாமா அழுவுறாங்க? வாராவாரம் உக்காந்து தேச்சி வச்சது. என் கையாலயே எடுத்து, அவ வாயிலயே போட்டுட்டேனே."



அதன் பிறகு அவன் நீ கற்பூரம் விற்ற இடத்துக்குப் போகவில்லை. செல்வி கூப்பிட்டுப் பார்த்தாள். நான் திட்டிப் பார்த்தேன். "அங்க உக்காந்தா எல்லாரும் பத்து ரூபா காசோட வருவாங்க மாமா. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். மண்டபத்துப் பக்கம் ஒரு இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும்? பக்கத்துப் பூக்காரம்மா உன் இடத்தில் இரண்டு செங்கல்லை வைத்துப் பார்த்துக்கொண்டாள். "ஆள் வராங்க, ஆள் வராங்கன்னு நானும் எவ்ளோ நாளு சொல்றது? கார்த்திகை தீபத்துக்குள்ள வரலேன்னா வேற எவனாவது கல்லத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துடுவான்" என்றாள். நீ வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து பிடித்த இடம் அக்கா அது. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் ஏது?

நான் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவர் திடுக்கிட்டுப் போனார்.

"அய்யோ, தெரியாதுங்களே. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு எல்லாம் அன்னைக்கே மளிகைக் கடையில குடுத்துட்டேன். பத்து ரூபா காசை மட்டும் எவனும் வாங்கல. அப்படியே கெடக்குது."

எனக்கு உயிர் வந்தது. அதற்கு நோட்டாகத் தருகிறேன் என்று பையை எடுத்தேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார். "இங்க விழுந்த காசு திரும்பி வீட்டுக்குப் போகக் கூடாதுங்க. எனக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. தப்பா நெனைக்காதீங்க."

அவர் சொன்னது நியாயம்தான். வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் என் கடலை வண்டிக்கு எதிரே சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஏழுமலை. தெரியாத ஆளைக் கேட்பது மாதிரி கேட்டார். "பெரியவரே, அவிச்ச கடலை ஒரு பொட்டலம் குடுங்க. எங்கிட்ட பத்து ரூபா காசுதான் இருக்குது. நீங்களாவது வாங்குவீங்களா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயில் வந்தது உன் வார்த்தைதான். "எங்கிட்ட போகும், குடுங்க" என்றேன். அது யாவாரக் காசு அக்கா. கடலைக்கு வந்த காசு. யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? கையில் வாங்கிப் பார்த்தேன். கைகூப்பி உட்கார்ந்திருப்பவர் படம் போட்ட காசு. படத்தின் இடுக்கில் வெள்ளையாக உன் விபூதி.

அன்றிலிருந்து தினமும் வந்தார். ஒரு நாளைக்கு ஒரு காசு, ஒரு பொட்டலம். ஜாஸ்தி கடலை போட்டால் கோபித்துக்கொள்வார், "சரியா போடுங்க, அப்பதான் கணக்கு" என்பார். ஒரு நாள் வயிற்றைத் தடவிக்கொண்டே, "உங்க அக்கா இன்னும் கொஞ்சம் கம்மியா சேத்திருக்கக் கூடாதா? கடலை தின்னு தின்னு வயிறு உப்பிடுச்சு" என்றார். நீ போன பிறகு அன்றைக்குத்தான் நான் முதல் முறையாகச் சிரித்தேன்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அருணா முன்னால் வைத்தேன். கால் டப்பாகூட இல்லை. அவன் திறந்து பார்த்தான். ஒரு காசை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தான். விரலில் விபூதி ஒட்டியது.

"சுடுகாட்டுக் காசா மாமா?"

"கடலை வித்த காசுடா."

"பொய்."

"உங்க அம்மா மேல சத்தியமா கடலை வித்த காசு. வாங்குன ஆள் யாருன்னு மட்டும் கேக்காத."

அவன் கேட்கவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டான். செல்வி சோறு போட்டு வைத்தாள். சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் நான் மண்டபத்துப் பக்கம் போனபோது செங்கல் இரண்டும் ஓரமாகக் கிடந்தன. உன் தார்ப்பாயை விரித்து, கற்பூரம் ஒரு பக்கம், நெய் விளக்கு ஒரு பக்கம் என்று நீ வைக்கிற மாதிரியே வைத்திருந்தான். "வந்துட்டான் பாரு உன் மருமவன்" என்று பூக்காரம்மா என்னிடம் கண்ணைக் காட்டினாள். நான் தூண் மறைவில் நின்றுகொண்டேன். வெளியூர்ப் பெண் ஒருத்தி பத்து ரூபாய்க் காசைக் கையில் மூடிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணா, இது இங்க செல்லுமா?" என்றாள்.

அருணா தலையை நிமிர்த்தவில்லை. "எங்கிட்ட போகும், குடுங்க" என்றான்.

இதை நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். கடுதாசியில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

இன்னும் வராத மூஞ்சிகள் நிறைய இருக்கின்றன. கண்ணாடிக்காரர், கோபுரம், அம்மன், நம் அம்மாவின் சாடையில் இருக்கிற அந்த முக்காட்டுக்காரி, எல்லோரும் மளிகைக் கடை வழியாக ஊருக்குள் போய்விட்டார்கள். எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ. வண்டியில் விழுகிற ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். போன வாரம் ஒரு தாடிக்காரர் வந்தார். அழுக்காக இருந்தார், நம்முடையவரா என்று தெரியவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை அருணா தேய்த்து உள்ளே போட்டுக்கொண்டான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அந்த டப்பா ஒரு நாளும் சாவு வீட்டுச் சில்லறைக்குத் திறக்காது. என் முறை வரும்போது ஆளாளுக்குப் பையைத் தடவிக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு வேண்டியதை இப்போதே ஒரு துணியில் முடிந்து, செல்வியிடம் இடத்தையும் காட்டிவிட்டேன். எல்லாம் சாதாக் காசு. ஒன்றில்கூடப் படம் இல்லை, நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன். பத்து ரூபாய்க் காசும் சேர்க்கவில்லை. ஏழுமலைக்கு இன்னொரு தடவை கடலை தின்கிற கஷ்டம் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் இடுப்பில் ஏறி இந்த மலையைச் சுற்றிய
உன் கூடப்பிறந்த தம்பி