பெங்களூருக்குப் பன்னிரண்டு மூட்டைக் கரி

ஐப்பசி 3, செவ்வாய்

காலையில் தூறல். பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்காரர் கடிதம் கொடுத்தார். பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரி. தம்பி செல்லையா எழுதவில்லை, வார்டு குமாஸ்தா எழுதியது. தொடை எலும்பு முறிவு, இடுப்பு வரை மாவுக்கட்டு. வீட்டார் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகலாம். கெடு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு. தவறினால் வடக்கே வேறு ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிடுவார்களாம். எந்த ஊர் என்று இல்லை. யுத்தக் காலம், சொல்லமாட்டார்கள்.

அம்மா அப்பா போனபின் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்.

மத்தியானம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டேன். விடை தப்பு. பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

சாயங்காலம் தாய்மாமன் கருப்பையா வீட்டுக்கு ஓட்டம். வாடகைக் கார் வைத்திருப்பவர். பெட்ரோல் கூப்பன் போதாமல் காரில் கரி உலை பூட்டியிருக்கிறார், கரிப்புகையில் ஓடுகிறது.

"எரநூத்து நாப்பது மைலு. போயிரலாம் ஆத்தா. கால மடக்க முடியாதவன எதுல கெடத்திக் கொண்டாறது?"

ரயிலில் நிற்கவே இடமில்லை. காருக்குப் பின்னால் டிரெய்லர் கட்டுவது என்று முடிவு. போகும்போது கரி, வரும்போது தம்பி செ.

ஐப்பசி 4, புதன்

பள்ளிக்கு லீவு. பெரிய டீச்சர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

டிரெய்லர்: ஆலங்குடி கடலை வியாபாரி ஒருவரிடம் இரவல். இரும்புத் தகட்டு அடி. மூங்கில் வளைத்துக் கூண்டு கட்ட ஆள் கூலி ரூ. 1-4-0
கரி 12 மூட்டை. மூட்டை பதினாலு அணா, அநியாயம்
வைக்கோல், மெத்தை, தலையணை 2
டியூப் ஒட்டும் ரப்பர்
தார்ப்பாய் கிடைக்கவில்லை

மாமா நாளை விடியலில் கிளம்பலாம் என்றார். நாளை அஷ்டமி, நாளை மறுநாள் நவமி.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. பஞ்சாங்கத்தைக் கேலி செய்வதில் இந்தத் தெருவிலேயே என்னை மிஞ்சி ஆள் கிடையாது. செ. பட்டாளத்துக்குப் புறப்பட்டதும் ஒரு நவமியில்தான். மாமா வீட்டு அத்தை வாசலை மறித்தார். நான் சிரித்து அனுப்பி வைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆகவே இன்றே பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணச் சாமானைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பிய மாதிரி. டிரெய்லரை மாடு கட்டி இழுத்துத் திருக்கோகர்ணத்தில் எங்கள் பள்ளித் தையல் டீச்சர் வீட்டு முன்னால் நிறுத்தினோம்.

"கரியவுமா வெளியில வைக்கணுங்கிறே? மழ கட்டி நிக்கிது. கரி எங்கூட்டுக் கொட்டகையில கெடக்கட்டும்."

"வெறும் வண்டிய வச்சா பயணம் ஆகாது மாமா. ஏத்துங்க."

கோரைப்பாய் நான்கு போட்டு மூடினோம். மாமா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

ஐப்பசி 5, வியாழன்

இரவு மழை கொட்டித் தீர்த்தது. விடியலில் மேல் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தன. 5 மணிக்குக் கிளம்பினோம்.

சமஸ்தான எல்லையில் சோதனை. அரிசி கடத்துகிறோமாம். "எறக்கு எல்லாத்தையும்" என்றான் சேவகன். அடி மூட்டைகளை இறக்கியபோது கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. தகட்டுத் தொட்டியில் மழை நீர் தேங்கி, ஏழு மூட்டை சொதசொத.

மாமா என்னைத் திட்டியிருக்கலாம். ஈரக் கரியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ளது அஞ்சு மூட்ட, ஆத்தா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

திருச்சியில் இரண்டு மணி நேரம் தேடல். இருக்கிற கரி முழுக்க பஸ்காரர்களுக்கு. அரை மூட்டை கிடைத்தது. நாமக்கல் சேரும்போது இருட்டிவிட்டது. இன்று சேலத்தில் இருந்திருக்க வேண்டும். ஆதியில் போட்ட திட்டம் அது.

ஐப்பசி 6, வெள்ளி

வெயில். நல்லவேளை. சாலையோரப் பாறையில் ஈரக் கரியைக் கொட்டி நெல் காயப்போடுவதுபோல் பரப்பினோம். நான் காலால் கிளறினேன். போன பஸ்ஸிலிருந்து ஒருவன், "என்ன டீச்சரம்மா, கரி வத்தலா?" என்றான். நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்ததோ. அங்கே மூன்று மணி நேரம் போயிற்று.

காய்ந்தும் காயாத கரியில் இழுவை இல்லை. சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் கார் நின்றேவிட்டது. மாமாவுக்கு உலை விசிறியைச் சுற்றிச் சுற்றித் தோள் வீங்கிவிட்டது.

"டிரெய்லர இங்கிட்டே விட்டுட்டுப் போனா காலையில போய்ச் சேந்துருவோம்."

"அப்புறம் அவன எதுல படுக்கவைக்கிறதுங்க?"

மாமாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாட்டுக்காரர் ஒருவர் கிடைத்தார். ஜோடி மாடு, ஏற்றம் முடிய ஒன்றரை ரூபாய். டிரெய்லரை மாடு இழுக்க, நான் பின்னாலேயே ஒரு கல்லுடன். நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. கை தோல் உரிந்தது. அழுதேன், கைக்காக இல்லை.

தர்மபுரி போகவே எட்டு மணி. இன்னும் எண்பது மைலுக்கு மேல்.

ஐப்பசி 7, சனி

நான்கு மணிக்கே கிளம்பினோம். கிருஷ்ணகிரி 8. உலையில் சாம்பல் அடைப்பு, ஒரு மணி நேரம். ஓசூர் 11.30. அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசல், 2.10.

குமாஸ்தா நல்ல மனுஷர். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு மணிக்கு லாரியில் ஸ்டேஷனுக்கு. ஒன்றரைக்கு ரயில். எந்த ஊர்? தலையை ஆட்டினார், சொல்ல அனுமதி இல்லை. கடிதம் கொடுத்தால் சேர்ப்பிக்கிறேன் என்றார்.

வார்டில் அவன் கட்டில் காலி. விரிப்பு மாற்றிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர், மதுரைக்காரர், கையில் கட்டு.

"நீங்கதான் அக்காவா? விடிஞ்சதுலேருந்து தலையத் தூக்கித் தூக்கி வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தான். லாரி வந்தப்பக்கூட 'இன்னுங் கொஞ்சம் பொறுங்க'ன்னு கெஞ்சுனான். நாந்தான் சொன்னேன், வீட்டுல நல்ல நாள் பாத்துக் கெளம்புவாங்க, சொணங்கும்னு. சிரிச்சான். 'எங்க அக்காவா? அதெல்லாம் பாக்க மாட்டா, கடுதாசி கெடச்ச கையோட கெளம்பிருப்பா'ன்னான்."

ஆமாம் என்று சொன்னேன் அவரிடம்.