நாற்காலியில் கிடக்கும் துண்டு

அப்பா,

உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் பேருக்கு வந்த எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துக் காட்டுவேன். இப்போது எழுதுகிறவளும் நானாகிவிட்டால் யார் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லலாம்தான். எனக்குச் சத்தமாகப் பேச வராது, உங்களுக்கே தெரியும். இப்போது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் தலை கிறுகிறுக்கவும் செய்கிறது. படுத்தபடியே நோட்டை வயிற்றின் மேல் சாய்த்து, விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பட்டாசு டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற பசை. மைதா கொதிக்கும்போது மயில்துத்தம் சேர்த்தால் ஒரு வாடை வருமே, அது வீடு முழுக்க நிற்கிறது. சின்ன வயதிலிருந்து பழகிய வாடைதான். ஆனால் போன வருஷம் புரட்டாசியில் என் ஆபீசிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கு உங்கள் வெள்ளைச் சட்டையில் இந்த வாடைதான் இருந்தது. அதற்குப் பிறகு பசை காய்ச்சும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கு ரொம்பவே வருகிறது. ஏனென்றால் நாளைக் காலை அம்மாவும் அங்கே போகப்போகிறாள், நீங்கள் போன மாதிரியே.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், என் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதே இல்லை.

அந்த விஷக்காய்ச்சல் வந்து போனபின் எனக்கு உடம்பு திரும்பவேயில்லை. காய்ச்சல் போய்விட்டது, நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். தலைக்குக் குளித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. ஆபீசில் மாடிப்படி ஏறினால் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பிடிக்கவே நேரமாகும். எத்தனை நேரம் தூங்கினாலும், எழும்போது இரவெல்லாம் மூட்டை தூக்கியவள் மாதிரி இருக்கும். தினசரி காலண்டர்த் தாளில் ராகுகாலமும் திதியும் சரிபார்ப்பதுதானே என் வேலை? மத்தியானத்துக்கு மேல் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். அடுத்த வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் நான் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை என்னால் எழ முடியுமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. ரத்தம் சரி, தைராய்டு சரி, எல்லாம் சரி. சீட்டைப் படித்துக் காட்டியதும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். நான் அழுதேன். ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருக்கலாம் என்று எந்தப் பிள்ளையாவது நினைக்குமா? நான் நினைத்தேன்.

இந்த ஊரில் அசதி என்று சொல்ல முடியாது அப்பா. விடியுமுன்னே பட்டாசுக் கம்பெனி வண்டி ஏறி, மருந்துத் தூசியும் வெயிலுமாக இருந்துவிட்டு வந்து, வீட்டில் மறுபடி டப்பா ஒட்ட உட்காருகிற பெண்களிடம் போய், ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நான் அசதியாக இருக்கிறது என்றால், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எதிர்வீட்டு அத்தை ஒருநாள் சொன்னாள், “அசதி யாருக்குத்தான் இல்ல? எங்களுக்கெல்லாம் அது கூடப் பெறந்தது. காலேஜுக்குப் போனவளுக்குத்தான் புதுசா இருக்கு.” அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதும் பொய் இல்லை. எல்லாரும் களைத்துக் கிடக்கிற ஊரில் களைப்பை நோய் என்று எப்படி நம்புவார்கள்?

நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டு வா என்பார்கள், வயிற்றுவலி என்றால் சோடா குடித்து வா என்பார்கள். யாரும் மறுகேள்வி கேட்காத லீவு கேதம் ஒன்றுதான். சாவு வீட்டுக்குப் போகாதே என்று சொல்கிற முதலாளி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அதனால் நான் எழ முடியாத காலைகளில் நீங்கள் மேனேஜருக்குப் போன் போட்டீர்கள். மல்லாங்கிணற்றில் ஒரு பெரியப்பா. ஆலங்குளத்தில் ஒரு மாமா. பிறகு அந்த மாமாவின் பதினாறாம் நாள் காரியம். நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்டால், படுக்கையில் கிடக்கிற எனக்கே அந்த மாமாவை நினைத்துத் துக்கமாக இருக்கும். கடைசியில் மேனேஜர் கேட்டாராம்: “அண்ணாச்சி, உங்க வகையறாவுல இன்னும் யாரு பாக்கி?”

அத்தோடு கேதம் தீர்ந்துபோனது. அடுத்த தடவை நான் விழுந்தது சீசன் நடுவில். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர் ஆல்பம் போட்டு, ஆர்டர் எல்லாம் குவிந்து, கடைப்பெயர்களை அச்சடித்து லோடு ஏற்றுகிற நேரம். அன்று காலை நான் கண் திறந்தபோது நீங்கள் கல்யாணத்துக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையில் நின்றீர்கள். எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

நடந்ததைச் செல்விதான் பிறகு சொன்னாள். என் பக்கத்து நாற்காலிக்காரி. நீங்கள் மாடியேறி வந்து, என் நாற்காலி எது என்று கேட்டு, அதன் முதுகில் உங்கள் துண்டைப் போட்டு, அதில் உட்கார்ந்தீர்களாம். எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சொன்னீர்களாம்: “எம் மகளுக்கு முடியல. அவ எடத்துக்கு நான் வந்திருக்கேன். என்ன செய்யணும்னு காட்டுங்க, செஞ்சுருவேன்.”

செல்வி சிரித்துவிட்டாள். “மவுஸு புடிக்கத் தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டாளாம். “அணுகுண்டே கட்டியிருக்கேன் தாயீ, இதைப் புடிக்க மாட்டேனா?” என்றீர்களாம்.

எனக்குப் புரிகிறது அப்பா. நீங்கள் வேலை பார்த்த விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில், வெடி கட்டுகிற இடத்தில், அதுதானே வழக்கம்? ஒருவருக்கு முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பதில் சித்தி, சித்திக்குப் பதில் நீங்கள். கை மாறினாலும் இடம் மாறாது. இடம் காலியாக ஒருநாள் கிடந்தால் வேறு ஆள் வந்துவிடும். டிகிரி வாங்கிய மகளின் நாற்காலியும் அப்படித்தான் என்று நினைத்தீர்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்த கைதானே.

மேனேஜர் உங்களைக் கீழே பைண்டிங்குக்கு அனுப்பினார். அங்கே பெண்களோடு உட்கார்ந்து தேதித் தாள்களை அடுக்கி, பசை தடவி, அட்டையில் ஒட்டினீர்கள். அந்த வாரம் முழுக்கப் போனீர்கள், உங்கள் வேலையை விட்டுவிட்டு. முதல்நாள் சாயங்காலம் என் பாயருகே குத்தவைத்து, “கவலப்படாத தாயீ. ஒன் எடம் அங்கனதான் இருக்கு. துண்டப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்” என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். தூங்கவில்லை. வெட்கத்திலும் ஆத்திரத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஆபீசில் உங்களை எல்லாருக்கும் பிடித்துப்போனது. உங்கள் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்தக் கதையை வைத்தே என்னை அடித்தார்கள். நான் திரும்பிப் போன அன்று மேனேஜர் சொன்னார், “இந்த வயசுல உங்கப்பா மாடியேறி வந்தாரும்மா. ஒனக்கு என்ன வயசு?” நான் மேசையில் தலை சாய்த்தால் “அண்ணாச்சியக் கூப்புடவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். நீங்கள் எனக்காக வந்ததே நான் சோம்பேறி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உங்களை இன்னொரு தடவை அந்தப் படியில் ஏற்றக் கூடாது என்று முடியாத நாளிலும் போனேன். போகப் போக இன்னும் கீழே விழுந்தேன்.

தை மாதம் மதுரைக்குக் கூட்டிப் போனீர்கள். அந்த டாக்டரம்மாதான் முதல்முறையாக இதற்கு ஒரு பெயர் சொன்னார். நாள்பட்ட களைப்பு நோய். உண்மையான நோய்தான், மனப்பிரமை இல்லை, சோம்பல் இல்லை என்று உங்களைப் பார்த்துத்தான் சொன்னார். சில மாதம் வேலையிலிருந்து முழுதாக நிற்க வேண்டும். முடியாமல் போன பிறகு படுப்பதில் பலனில்லை, முடியும்போதே நிறுத்தப் பழக வேண்டும் என்றார். நீங்கள் டானிக் ஏதும் உண்டா என்று கேட்டீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி என் மடியில் வைத்துவிட்டு, வெளியே பார்த்தபடி கேட்டீர்கள், “நெசமாவே முடியலையா தாயீ?”

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. அப்புறம், “சீசன் முடியட்டும், லீவு கேட்டுப் பாப்போம்” என்றீர்கள். அப்போது சீசன் முடிந்துதான் இருந்தது. சீசனில் லீவு கேட்டால் இந்த நேரத்திலா என்பார்கள். சீசன் இல்லாதபோது கேட்டால் ஒரேயடியாக நின்றுகொள் என்பார்கள். காலண்டர் அடிக்கிற ஆபீசில் லீவுக்கு ஒரு மாதம் கிடையாது.

பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். விபத்தா என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பட்டாசு ஊரில் ஒருவர் நெஞ்சுவலியில் சாகக் கூடாது போலிருக்கிறது. அன்று செல்வி போன் செய்து விவரம் சொன்னபோது மேனேஜர், “இது நெசக் கேதமா?” என்று கேட்டாராம். மாலை வாங்கிக்கொண்டு வந்து அவரும் உங்கள் காலடியில் நின்று அழுதார். அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

உங்கள் துண்டு இன்னமும் அந்த நாற்காலி முதுகில்தான் கிடக்கிறது. இறந்தவர் துண்டு என்று யாரும் தொடுவதில்லை. நானும் எடுக்கவில்லை. இத்தனை மாதம் அதில் சாய்ந்துதான் வேலை பார்த்தேன்.

இப்போது மறுபடி சீசன். போன வாரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், செல்விதான் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நேற்று மேனேஜர் போன் செய்தார். நாளைக்கு வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போடுவேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, “ஆளு வரும் சார்” என்று சொல்லி வைத்துவிட்டாள். யார் வருவார்கள் என்று கேட்டேன். “நான்தான். ஒங்கப்பா போகலையா? பசை தடவ எனக்குத் தெரியாதா?” என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். “நீ படு புள்ள. எடத்த விட்டுட்டு அப்புறம் அழாத” என்கிறாள். பச்சைச் சேலையைத் தேய்த்து மடித்துவைத்திருக்கிறாள்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நாளை ஆபீஸ் திறந்ததும் நானே மேனேஜருக்குப் போன் செய்யப்போகிறேன். கேதம் இல்லை, காய்ச்சல் இல்லை. எனக்கு இந்த நோய் இருக்கிறது, கார்த்திகை வரைக்கும் வரமாட்டேன், அதற்குப் பிறகும் என் இடம் எனக்கு வேண்டும் என்று சொல்லப்போகிறேன். கிடைக்காமல் போகலாம். அந்த வேலை எனக்குப் பிடிக்கும் அப்பா, அதுதான் யாருக்கும் தெரியவில்லை. என் இடத்தை விடக் கூடாது என்ற உங்கள் பிடிவாதம் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் நான் பேசும்போது அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் போயிற்று. “அதான் அம்மா வந்துட்டாங்களே, நீ மெதுவா வாம்மா” என்று அவர் சிரிப்பார். என் நோய் மறுபடி ஒரு வேடிக்கைக் கதையாகிவிடும்.

அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டாள். உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். நீங்கள் அவள் கனவில் வருகிறீர்களாம். போன வாரம் வந்து கருவாட்டுக்குழம்பு கேட்டீர்களாம், மறுநாளே வைத்தாள். கொடியில் கிடக்கும் சட்டையை யாருக்காவது கொடு என்றீர்களாம், கொடுத்துவிட்டாள். என் கனவில் நீங்கள் வந்ததில்லை. அதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குத்தான் தூக்கமே சரியில்லையே.

இன்றைக்கும் வருவீர்கள்தானே? வந்தால் குழம்பு கேட்க வேண்டாம். வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்து என்னைக் கேட்டீர்களே, அதற்குப் பிறகு என்னிடம் சொல்லாமல் விட்டதை அவளிடம் சொல்லிவிடுங்கள். “அங்கன போகாத. அவளுக்கு நெசமாவே முடியல” என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.