முதுகைத் திறந்து பார்க்காத மீட்டர்

கரண்டு, வோல்ட் அளக்கிற புது மீட்டரின் பெட்டியைப் பிரித்ததும் வரும் ரப்பர் வாசனை உனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று காலை ஸ்டெல்லா உன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிரித்தாள். வாசனை நம் ரிப்பேர் கடை முழுக்கப் பரவியது. என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து, கிள்ளான் ரோட்டில் போகிற லோரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மனைவி ஸ்டெல்லா உன் பெஞ்சுக்கு வந்தது உனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. நீ போய் நாற்பது நாள் கழிந்ததும் அவளாகவே வந்தாள், பையைக் கீழே வைத்தாள், உன் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். ஷா ஆலாம் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் போர்டு டெஸ்டிங்கில் இருந்தவள் இல்லையா, சால்டரிங்கில் நம் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். மூன்று வருஷமாக அந்த பெஞ்ச் ஓடுவது அவளால்தான். போன மாதம் அவள் சொன்னாள், மீட்டர் எல்லாம் பழசாகிவிட்டது, புதுசு ஒன்று வேண்டும், கூடவே நீ ஆசைப்பட்ட அந்தச் சூடு பார்க்கிற கேமராவும் வாங்கிவிடலாம் என்று.

அந்தக் கேமராவுக்காக நாம் எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்போம்! போர்டில் எங்கே ஷார்ட் என்று தெரியவேண்டும், அவ்வளவுதானே, மேலே ஆல்கஹாலை ஊற்று, எந்த இடம் சூட்டில் முதலில் காய்கிறதோ அதுதான் நோயாளி என்பேன் நான். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "ஊரே கண்ணால பாக்குது. நீ இன்னும் ஊத்தித் தொடச்சிக்கிட்டே இரு லா," என்பாய். கஞ்சத்தனம் இல்லையடா அது. வேலைக்கு இது போதும் என்று நினைக்கிற புத்தி. அந்தப் புத்தியைப் பற்றித்தான் இந்த மடல்.

போன சனிக்கிழமை, நீ மீட்டர் வாங்குகிற சுபாங் ஜெயாவில் உள்ள அந்தப் பழைய கடைக்கே போனோம். கடைக்காரர் உன்னை மறக்கவில்லை. எப்படி மறப்பார்? அவரை அந்தப் பாடு படுத்தியவன் நீ. மீட்டரைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் கேபிளை விரலில் சுற்றிப் பார்ப்பாய். மெத்தென்று விழுந்தால் சரி, கம்பி மாதிரி விறைத்து நின்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாய். பிறகு இரண்டு முனையையும் தட்டி, பீப் சத்தம் உடனே வருகிறதா, யோசித்து வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பாய். கடைசியில் அந்த வார்த்தை: "பாஸ், முதுகத் தொறந்து காட்டுங்க. அப்புறம் வெல பேசலாம்." விற்காத சாமானின் ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்கிற ஒரே ஆள் நீதான் என்று அவர் முணுமுணுப்பார். அட்டையில் ஆயிரம் வோல்ட் என்று அச்சடிக்க யாராலும் முடியும், உள்ளே இருக்கிற பியூஸ் ஆயிரம் வோல்ட்டைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும் என்பாய். வெளியே வந்ததும் என்னிடம் சொல்வாய்: "முன்பக்கம் வெளம்பரம்டா. முதுகுதான் மீட்டரு."

ஸ்டெல்லா அன்றைக்குக் கேமராவை முதலில் பார்த்தாள். போனில் செருகுகிற சின்னதை ஒதுக்கினாள், பக்கத்தில் கொண்டுபோனால் படம் கலங்குகிறது என்றாள். கையில் பிடிக்கிற ஒன்றை எடுத்து, ஒரு பளபளப்பான அலுமினியத் தகட்டின் மேல் காட்டினாள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முகம் வந்தது. அது தகட்டின் சூடு இல்லை, பின்னால் நின்ற என் முகத்தின் சூடு. பளபளக்கிற உலோகம் தன் சூட்டைச் சொல்லாது, ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினால்தான் சொல்லும் என்று கடைக்காரர் விளக்கினார். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

பிறகு மீட்டர். அவள் கேபிளை விரலில் சுற்றினாள். பீப் சத்தம் கேட்டாள். நிமிர்ந்து, "முதுகத் தொறந்து காட்டுங்க அண்ணே," என்றாள். கடைக்காரர் சிரித்தபடி திறந்தார். உள்ளே வெள்ளையாகத் தடித்த ஒரு பீங்கான் பியூஸ். ஸ்டெல்லா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். நான் அதைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீ மேருவில் அந்தக் கடைசி வேலைக்குப் போனதற்கு முந்தின நாள், உன் மீட்டரின் ஆம்பியர் பியூஸ் போய்விட்டது. சரிபண்ணி வை என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாய். பீங்கான் பியூஸ் நம்மிடம் இல்லை. ஆர்டர் போட்டேன், மூன்று நாளாகும் என்றார்கள். டிராயரில் கண்ணாடி பியூஸ் கிடந்தது. அதே நீளம், அதே தடிப்பு. ரேடியோவுக்குப் போடுவது. போட்டேன். தட்டிப் பார்த்தேன், பீப் அடித்தது. ஸ்க்ரூவை முடுக்கினேன். உன்னிடம் சொல்லாதது மறதியால் இல்லை. பெஞ்சில்தானே, பன்னிரண்டு வோல்ட்டுதானே, மூன்று நாளைக்கு இது போதும் என்று நினைத்தேன். நீ வந்து மீட்டரை எடுத்தாய். கடைக்காரனிடம் முதுகைத் திறக்கச் சொல்கிறவன், என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அதை வைத்து பெஞ்சில் கரண்டு அளந்தாய். மேருவிலிருந்து அவசரமாகப் போன் வந்ததும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடினாய். சிவப்புக் கேபிள் ஆம்பியர் ஓட்டையிலேயே இருந்தது, வோல்ட் ஓட்டைக்கு மாற்றவில்லை. அங்கே வோல்ட் பார்க்க அதை நானூற்றுப் பதினைந்து வோல்ட் மின் பேனலில் வைத்தாய். அது உன் தப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வேலையில் இருக்கிற யாரும் ஒரு நாளாவது செய்கிற தப்பு. அந்தத் தப்பைச் செய்கிறவன் வீடு திரும்பவேண்டும் என்றுதான் உள்ளே பீங்கான் பியூஸ் வைக்கிறார்கள். அது இருந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே போயிருக்கும், நீ "சீ" என்று திட்டிவிட்டு வந்திருப்பாய். கண்ணாடி வெடித்தது. மீட்டர் உன் கையிலேயே வெடித்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். முகத்திலும் கைகளிலும் கட்டு. கேபிள் தப்பான ஓட்டையில் இருந்தது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கரியாகக் கிடந்த அந்த மீட்டரின் உள்ளே யாரும் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள், இத்தனை வருஷம் வேலை தெரிந்த மனுஷன் இப்படிக் கவனமில்லாமல் போய்விட்டானே என்று. நான் அந்தப் பேச்சுக்கு நடுவில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுபாங்கிலிருந்து திரும்பும்போது ஹைவேயில் ஜாம். புது மீட்டர் ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், இவ்வளவு பார்த்து வாங்குகிற மனுஷன் கடைசியில் ஒரு ஓட்டையைப் பார்க்கவில்லையே என்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டி நகராத இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பியூஸ், டிராயர், பீப், பன்னிரண்டு வோல்ட், எல்லாம்.

அவள் அழவில்லை. கிள்ளான் வரும்வரை மீட்டர் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மூணு வருஷமா அவரு படத்துக்கு முன்னால நின்னு திட்டுறேன். எந்த ஓட்டன்னுகூட பாக்காம என்னைத் தனியா விட்டுட்டுப் போனியேன்னு திட்டுறேன். நீங்க அதே வீட்டுல ஒக்காந்து டீ குடிச்சீங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை இப்போது. எதுவென்றும் கூப்பிடுவதில்லை. வேலைச் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். இன்று காலை புது மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாக முதுகைத் திறந்தாள். கடையில் பார்த்ததுதான், சனிக்கிழமையிலிருந்து அவள் கையைவிட்டுப் போகாததுதான். ஆனாலும் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். நான் இருக்கிற கடையில் அவள் அப்படித்தான் செய்யவேண்டும்.

மூன்று நாள் என்று சொன்ன பீங்கான் பியூஸ் தாமதமாகி, உன்னை அடக்கம் பண்ணிய மறுநாள்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்றிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வாசலிலிருந்து திரும்பி வந்ததும் அதை எடுத்து ஸ்டெல்லாவின் முன்னால் வைத்தேன். இது அவனுடையது என்றேன்.

நீ ஒருமுறை என்னைக் கிண்டல் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? "எங்களுக்கு செஞ்ச பாவத்த ஃபாதர்கிட்ட சொன்னா எறங்கிடும்டா. நீங்கல்லாம் சொமந்துக்கிட்டே திரியணும்," என்று. ஃபாதரிடம் இல்லை, உன் ஸ்டெல்லாவிடமே சொல்லிவிட்டேன். இறங்கவில்லை.

ஸ்டெல்லா பியூஸை ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

இதோ, பையில் இருக்கிறது.