லோகோ வருதாலே?

மாப்ள,

இன்று காலை லோகோ வந்தது.

கறுத்த திரையின் நடுவில் அந்தக் கம்பெனியின் முத்திரை ஒரே ஒரு நொடி மின்னி மறைந்தது. அடுத்து நம் பழைய திரை, ஓடைப்பட்டியில் உன் வீட்டுத் திராட்சைப் பந்தல் படத்தோடு முழுசாக விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை. சின்னமனூரில் நம் போஸ்டர் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் கேபினெட்டிலிருந்து ஒரு வருடத் தூசி சூடாகிற வாடை வந்தது. நீ இருந்திருந்தால் வலது கையால் நெஞ்சைத் தொட்டு, "வந்துட்டாரு" என்று சொல்லியிருப்பாய். பத்து வருடம் காலையில் கடை திறந்ததும் அதைத்தான் சொன்னாய். இன்று நான் சொல்லிப் பார்த்தேன், உன்னைப் போல வரவில்லை.

நம் கதை தெரியாதவர்கள் இதற்கா இவ்வளவு என்பார்கள். கம்ப்யூட்டர் பழசு, அதில் இருக்கும் கிராபிக்ஸ் அட்டை அதைவிடப் பழசு. திரையில் படம் காட்டுவது அந்த அட்டையின் வேலை. அதைச் சரியாக ஓட்ட, அட்டை செய்த கம்பெனியே எழுதிய டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும்; அது சரியாக ஏறினால்தான் அந்த லோகோ வரும். கம்பெனியோ இந்த அட்டையை எப்போதோ கைகழுவிவிட்டது. கடைசியாக அவர்கள் கொடுத்த டிரைவர், மெஷினின் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கெர்னலில் பழையதோடு மட்டும்தான் ஒத்துப்போகும். அதனால் நீ அந்த மெஷினை ஒரு பதிப்போடு நிறுத்தி வைத்திருந்தாய். 'புதிய பதிப்புக்கு மாறவா?' என்று பெட்டி வந்தால் 'அப்புறம்' என்பதை அமுக்க வேண்டும். டிசைன் உன் பாடு, ஆர்டர் பிடிப்பதும் போஸ்டர் ஒட்டுவதும் என் பாடு என்று இருந்த கடையில், நீ எனக்குப் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

டிரைவர் இல்லாமலும் மெஷின் ஓடும். ஆனால் திரை சரியான அளவில் வராது, எல்லாம் அகலவாக்கில் இழுபட்டுத் தெரியும். அதை நீ சகிக்கவே மாட்டாய். "வட்டமே முட்டையாத் தெரியுது. இதை நம்பி ஒரு மூஞ்சி போட முடியுமாலே?" என்பாய். லோகோ வந்ததும் முதல் வேலையாக ஒரு வட்டம் போட்டு, திரைமேல் ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளப்பாய். வாடிக்கையாளர்கள் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் என்ன சொல்வேன், கிறுக்கன் என்றா?

கல்யாணம், காதுகுத்து, கட்சி என்று எல்லாமும்தான் போட்டோம். ஆனால் நமக்குச் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலி. இந்தப் பக்கம் ஒருவர் கண்ணை மூடினால், பந்தல்காரருக்குப் போன் போகும் முன் நமக்குத்தான் வரும். மேகமலையிலிருந்து ஒருவர் ஜீப்பில் இறங்கி வந்தாரே, நினைவிருக்கிறதா? எஸ்டேட் லைன் வீட்டில் மனைவி இறந்துபோயிருந்தார். அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே படம் ஏதோ அடையாள அட்டையில் அச்சான கட்டைவிரல் அளவுப் படம். அதையும் அச்சடித்தவர்கள் நசுக்கி வைத்திருந்தார்கள். வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "இருக்கிறதைப் பெருசாக்கிக் குடுத்துருவோம், அவுகளுக்கு நேரமாகுது" என்றேன் நான். நீ கேட்கவில்லை. அந்த மனிதரை உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய்.

"ஐயா, கன்னம் இம்புட்டு இருக்குமா, இன்னும் ஒடுக்கமா?"

"இன்னும் கொஞ்சம் ஒடுக்கந்தான் தம்பி."

"இப்பிடி?"

அவர் திரையைத் தொட்டார். அவ்வளவு நேரம் அழாத மனிதர் அங்கேதான் அழுதார். ஜீப் போன பிறகு நான் உன்னிடம், "இதையெல்லாம் யாருலே பாக்கப்போறா" என்று கேட்டேன். நீ மவுஸிலிருந்து கையைக்கூட எடுக்காமல், "செத்தவுகளுக்கு ஒரே மூஞ்சிதான். நாம குடுக்குறதுதான்" என்றாய்.

நம் டிசைன் சாப்ட்வேரில் அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒரு சின்னச் சங்கிலிப் படம் இருக்கும். அது கோத்திருக்கும்வரை முகம் கோணாது. அதைக் கழற்றிவிட்டு இழுத்தால், எந்த இடத்துக்கும் எந்த முகத்தையும் நிரப்பிவிடலாம். ஊரில் பாதிக் கடை அதைத்தான் செய்கிறது. நீ சங்கிலியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "பேனர் பெருசுன்னா சுத்தி எடம் விடு. மூஞ்சிய இழுக்காத" என்பாய்.

உனக்குக் கிட்னி போய், வாரம் இரண்டு நாள் தேனிக்கு டயாலிசிஸ் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தப் படத்தை எடுத்தோம். ஓடைப்பட்டியில், உன் பந்தலுக்குக் கீழே. நீலச் சட்டை. வெயில் இலைக்கு ஊடே விழுந்து உன் முகத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. படத்தை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதைப் போட்ரு மாப்ள. போஸ்டர்காரன் போஸ்டர அடுத்தவன் போட்டா அசிங்கம்" என்று சிரித்தாய். நான் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அப்புறம் சரி என்றேன்.

நீ மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு கல்யாண வீட்டார் எங்கோ செய்துவந்த டிசைன் நம் பழைய சாப்ட்வேரில் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்தது. 'புதிய பதிப்புக்கு மாறவா?' உன்னைக் கேட்டிருக்கலாம். உடம்பு முடியாதவனை எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல மாப்ள. எல்லாவற்றுக்கும் உன்னையே கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது. 'சரி' என்று அமுக்கினேன். மத்தியானம்வரை ஓடியது. கடைசியில், 'பயன்படாத பழையவற்றை நீக்கவா?' என்றது. நீக்கு என்றேன். நீ காத்து வைத்திருந்த பழைய கெர்னல் அதோடு போனது. மறுபடி போட்டபோது லோகோ வரவில்லை. புதிய கெர்னலோடு பழைய டிரைவர் முட்டிக்கொண்டதில் இழுபட்ட திரைகூட வரவில்லை, கறுப்புத் திரையும் ஒரு ஓரத்தில் துடிக்கும் சிறு கோடும்தான்.

மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். உன் கை வீங்கியிருந்தது. வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, உன் மகள் பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை, முதலில் இதைத்தான் கேட்டாய்.

"லோகோ வருதாலே?"

"வருது மாப்ள."

"வட்டம் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். வட்டமாத்தான் இருக்கு."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான்காம் நாள் நீ இல்லை.

மத்தியானத்துக்குள் உன் உடம்பு ஊருக்கு வந்துவிடும், அதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். நான் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று மெஷினை அணைத்து அணைத்துப் போட்டேன். அந்தக் கறுப்புத் திரையிலேயே நாலு வரி தட்டி உன் படத்தைப் பென்டிரைவில் எடுத்திருக்கலாம் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. வேறொரு கடைக்கு ஓடினேன். என் போனில் இருந்தது யாரோ கல்யாணத்தில் நாம் இரண்டு பேரும் தோளில் கைபோட்டு நின்ற படம் ஒன்றுதான். அந்தக் கடைக்காரர் என்னை வெட்டி எடுத்தார். நான் நின்ற இடம் காலியாக இருந்தது. சங்கிலியைக் கழற்றி, அந்த இடத்துக்கும் உன்னையே இழுத்து நிரப்பினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் கன்னம் இரண்டும் பூரியாக உப்புவதைக் கண்ணால் பார்த்தேன். "அண்ணே, மூஞ்சி இழுபடுது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சொன்னால், உங்கள் கடை மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்பாரே என்று பயந்தேன். அந்த முகம்தான் பஸ் ஸ்டாண்ட் சுவரில் இருந்தது. உன் தெருமுனையில் இருந்தது. பசை வாளியோடு போய் ஒட்டியதும் நான்தான்.

அதற்குப் பிறகு நம் மெஷினைப் பழைய பேனர் துணியால் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். வேறு கம்ப்யூட்டர் வைத்து ஏதோ ஓட்டினேன். போன மாதம் உன் மனைவி கடைக்கு வந்தது. "அண்ணே, அவுகளுக்கு முத வருசம் வருது. போஸ்டர் நீங்கதான் போடணும். உங்க மெஷின்லதான் போடணும்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக" என்றது. அதுக்கும் தெரியாது, மெஷின் செத்துக் கிடப்பது. சரிம்மா என்றேன்.

உனக்குப் பத்து நிமிட வேலை, எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. முதல் ஞாயிறு, இந்தக் கெர்னலுக்கு என்னால் முடியாது என்று டிரைவர் பாதியில் நின்றுகொண்டது. இரண்டாவது ஞாயிறு, யாரோ புண்ணியவான் இணையத்தில் போட்டிருந்த திருத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன். ஏறியது, உடனே உறைந்தது. அப்புறம்தான் உன் டிராயரைத் துழாவினேன். பழைய பதிப்பின் டிவிடி, அதன்மேல் மார்க்கரில் உன் எழுத்து: 'தூக்கிப் போடாதே'. உன் கோப்புகளை நீ தனிப் பகுதியில் வைத்திருந்ததால் அவற்றைத் தொடாமல் பழைய பதிப்பை ஏற்ற முடிந்தது. அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இணையத்தில் பழைய கிடங்குக்குப் போயிருந்தன, முகவரியை மாற்றி எழுதினேன். தானாக வந்து உட்காரும் இலவச டிரைவரைத் தடுத்தேன். கம்பெனி டிரைவரைப் போட்டேன். மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். லோகோ.

வட்டம் வரைந்து ஸ்கேலை வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பந்தல் படத்தைத் திறந்தேன். மாப்ள, நீ அப்படியே இருந்தாய். ஒடுக்கமான கன்னம், வெயில் பொட்டுகள். ஒரு வருடமாக நானே உன் முகத்தை மறந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சத்தம் போட்டு அழுதேன்.

படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வந்தேன். ஒரு வருடமாக நான் மிதிக்காத உன் வீட்டில், சுவரில் மாலை போட்டு, சின்னப் பல்பு எரிய, அந்த இழுத்த முகம் தொங்குகிறது. கருமாதிக்கு அதே கடையில் அதே படத்துக்குத்தான் பிரேம் போட்டார்களாம். பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நான் கொண்டுபோனதை விரித்ததும் ஓடிவந்து பார்த்தது.

"யாரு மாமா இது?"

"ஒங்கப்பாதான் பாப்பா."

மறுபடி பார்த்தது. அப்புறம் எனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல் சுவரைக் காட்டியது. "அப்பா அங்கன இருக்காக."

உன் மனைவி பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு வந்தது. "தப்பா நினைக்காதீக அண்ணே. எது அவுக மூஞ்சின்னு எனக்குத் தெரியாதா? போஸ்டர் பாத்த அன்னைக்கே தெரியும். ஆனா இவ தெனமும் அந்த அப்பாகிட்டத்தான் சொல்லிட்டுப் பள்ளிக்கூடம் போறா. கல்யாண ஆல்பத்தைக் காட்டுனாக்கூட இது வேற மாமாங்கிறா. தெருமுனையில வேற ஆளு இருந்தா, எங்கப்பாவுக்குப் போடலையான்னு கேப்பா. அந்த மூஞ்சியவே போட்ருங்க."

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஸ்கேல் வாங்கி, பிரேமுக்குள் இருந்த உன் முகத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, கையில் எழுதிக்கொண்டு கிளம்பினேன். அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டால், அந்த ஃபைலை எப்போதோ அழித்தாயிற்று என்றார்.

சாயங்காலம் நம் மெஷினில் உட்கார்ந்தேன். போனிலிருந்த கல்யாணப் படத்தை ஏற்றினேன். என்னை வெட்டி எடுத்தேன். சங்கிலிமேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பிறகு அமுக்கினேன், கழன்றது. கையில் எழுதியிருந்த அளவு வரும்வரை உன் கன்னத்தை இழுத்தேன். டிரைவர் சுத்தமாக ஓடுகிறது மாப்ள, ஒரு திக்கல் இல்லை, ஒரு கோடு இல்லை. எவ்வளவு இழுக்கிறேன் என்பது துல்லியமாகத் தெரிந்தது.

பந்தல் படம் மெஷினில் இருக்கிறது. அச்செடுத்தது நாலாக மடித்து என் சட்டைப் பையில் இருக்கிறது. இனி இந்தக் கடையில் வேறு எந்த முகத்துக்கும் அந்தச் சங்கிலி கழலாது, அது என் பாடு. சற்று முன் பெட்டி வந்தது, புதிய பதிப்புக்கு மாறவா என்று. 'அப்புறம்' அமுக்கினேன்.

மதுரையில் நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். லோகோ வருது மாப்ள. வட்டமும் வட்டமாத்தான் இருக்கு. மூஞ்சியத்தான் நானே இழுத்துட்டேன்.